பதினாலு வயதுப் பிள்ளைக்கு ஏடிவி: ஏற்றத்தை விட இறக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

பாடசாலைச் சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். வளர்ற பிள்ளை, அடுத்த வருசமும் போடட்டும் என்பது கணக்கு. ஏடிவி என்கிற, கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சில்லு வண்டியை வாங்கப் போகிறவர்களும் இதே கணக்கோடுதான் போகிறார்கள். "நூத்திப்பத்து சிசி எடுத்தா ரெண்டு வருசத்துல பத்தாமப் போயிரும், இருநூறே எடுத்துருவம்." சப்பாத்து பெரிதாக இருந்தால் முன்னுக்குப் பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம். 180 கிலோ வண்டி சரிவில் பக்கவாட்டில் சாயத் தொடங்கினால் 45 கிலோப் பிள்ளையால் அதைச் சமாளிக்க முடியாது.

ஏடிவியை ஓட்டுவதில் பாதி வேலை உடம்புக்குத்தான். சிறுவர்களுக்கான வண்டிகளில் பின் சில்லுகள் இரண்டும் ஒரே அக்சலில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல், காரில் இருப்பது போல், இதில் கிடையாது. வளைவில் வெளிச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள் சில்லு குறைந்த தூரம். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். ஓட்டுகிறவர் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்மிதியை அழுத்தினால் உள் சில்லின் பாரம் குறைந்து, மண்ணில் அது லேசாக வழுக்கி வண்டி திரும்பும். பிள்ளையின் உடம்புப் பாரம் வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் இந்தச் சாய்வுக்குப் பலன் தெரியும் என்பது என் கணிப்பு. தார் ரோட்டிலும் கொங்கிரீட்டிலும் டயர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், வண்டி கவிழும். "இந்தத் திருப்பம் வரைக்கும் மட்டும்" என்று தார் ரோட்டில் விடக்கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

வயதுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விற்கும் வண்டிகளின் மட்கார்டில் வயது லேபிள் இருக்கும்: 6+, 10+, 12+, 14+, 16+. அங்குள்ள தரவிதிப்படி 10+, 12+ வண்டிகளின் உச்ச வேகம் மணிக்கு 48 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவைப் போட்டால் 24க்குக் குறைக்க முடிய வேண்டும். 14+ என்பது இடைப்பட்ட வகுப்பு. உச்சம் 61, கட்டுப்படுத்தினால் 32. அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஹொண்டா டிஆர்எக்ஸ்90எக்ஸ் சிறுவர் வகுப்பு: 86 சிசி, நாலு கியர், கிளச் லீவர் இல்லை. போலாரிஸ் ஃபீனிக்ஸ் 200 14+ வகுப்பு. ஹொண்டா டிஆர்எக்ஸ்250எக்ஸ் பார்வைக்கு அடக்கமாக இருந்தாலும் 16+. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 16 வயதுக்குக் குறைந்த யாரும் ஏடிவி ஓட்டவே கூடாது என்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகும் வாங்குவதா என்பதை வீட்டில் கூடிப் பேசி முடிவெடுங்கள். கீழே உள்ளது முடிவெடுத்துவிட்டவர்களுக்கு.

நம் பக்கம் கைக்கு வருவது பெரும்பாலும் சீன வண்டிகள். அவற்றில் லேபிள் இருந்தாலும் நம்பி எடுக்க முடியாது. அப்போது பிள்ளையின் உடம்பையே அளவுகோலாக வையுங்கள். பிள்ளையைக் கால்மிதிகளின் மேல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். சீட்டுக்கும் கவட்டுக்கும் நடுவே 7.5 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் குழியில் சீட்டு எகிறும்போது பிள்ளையைத் தூக்கி எறியும். கூடினால் வண்டி பிள்ளைக்குச் சின்னது. உட்கார்ந்ததும் தொடை ஏறக்குறையக் கிடையாக இருக்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். தூரத்துக் கையின் முழங்கை நிமிர்ந்து விறைக்காமல் கொஞ்சமாவது மடிந்திருக்க வேண்டும், கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரை விட்டு நழுவக் கூடாது. விரல்களை நீட்டி பிரேக் லீவரின் மேல் வைத்தால் நடுவிரலின் நுனிக்கணு லீவரைத் தாண்டி நிற்க வேண்டும். வலது குதிகால் கால்மிதியில் இருந்தபடியே முன்பாதம் கால் பிரேக்கை அமுக்க வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் அந்த வண்டி அந்தப் பிள்ளைக்கு இல்லை. பல பேர் சீட்டில் உட்கார வைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். நிற்க வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி மலைநாட்டு விஷயம். சமதரையில் வாங்குகிறவர் எத்தனை சிசி, எவ்வளவு வேகம் என்று கேட்டால் போதும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கந்தப்பளையிலோ இருக்கிற நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளுமா என்பது.

ஸ்கூட்டரில் இருப்பது போல் பெல்ட்டில் ஓடும் 150 சிசி ஒட்டோ வண்டிகள் இங்கே நிறைய உண்டு. கியர் மாற்றத் தேவையில்லை, பிள்ளைக்கு லேசு என்று விற்கப்படுகின்றன. இறக்கத்தில் வேகம் குறைந்து இஞ்சின் சுற்று ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அதன் கிளச் தானாக விட்டுவிடும். அதற்குப் பிறகு இஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பில்லை, வண்டி வெறுமனே உருளும். ஃபெக்டரியிலிருந்து லயத்துக்கு இறங்கும் ஒரு கொண்டை ஊசி வளைவில், மெதுவாகப் போக வேண்டிய அந்த இடத்தில்தான் இது நடக்கும். பிள்ளை பதறி பிரேக்கைக் கெட்டியாகப் பிடிக்கும், பின் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கும், பக்கத்தில் கான் இருக்கும். கியர் உள்ள வண்டியில், முன்னுக்கு மூன்று கியரும் பின்னுக்கு ஒன்றும் இருக்கும் 110, 125 சிசி வகையில், முதலாம் கியரில் விட்டால் இஞ்சினே நடை வேகத்தில் பிடித்து இறக்கும். ஆகவே கிளச் லீவர் இல்லாத, ஆனால் கியர் உள்ள வண்டியே மலைக்கு ஏற்றது. 110 சிசியில் முன், நியூட்ரல், பின் என்று மட்டும் உள்ள வகையும் வருகிறது, பெயரில் ஏமாற வேண்டாம்.

வாங்கும் முன் இதைச் சோதிக்கலாம். பத்து மீற்றர் நீளமான சரிவு போதும். பெரியவர் ஒருவர் ஓட்டட்டும், பிள்ளை வேண்டாம். முதலாம் கியரில் ஆக்ஸிலேட்டரை முற்றாக விட்டு, பிரேக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஆனால் பிடிக்காமல் இறக்கிப் பாருங்கள். வேகம் ஏறிக்கொண்டே போனால் வேறு வண்டியைப் பாருங்கள்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ பற்றிப் பெற்றோரிடம் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் பெட்டியின் பக்கத்தில் பூட்டு நட் ஒன்றோடு நிற்கும் ஸ்க்ரூ அது. உள்ளே முறுக்கினால் கட்டைவிரல் பாதியோடு நின்றுவிடும். கிரவுண்டில் பழக்க இது நல்லது, முதல் வாரங்களில் கால்வாசித் திறப்பே போதும். ஆனால் அப்படி இறுக்கி வைத்த வண்டியை ஏற்றத்தில் அனுப்பாதீர்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, இஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். மேலதிகமாக ஸ்க்ரூவையும் இறுக்கினால் வண்டி ஏற்றத்தின் நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிடும், பின்னுக்கு உருளத் தொடங்கும். ஏடிவி பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுகிறவர் மேலேயே விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வேகத்தைக் குறைக்க இங்கே நல்ல வழி ஸ்ப்ரொக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். முன் ஸ்ப்ரொக்கெட்டில் 15 பல் இருந்தால் 14 பல் போடுங்கள். உச்ச வேகம் சுமார் 7 வீதம் குறையும், இழுவை அதே அளவு கூடும், இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பும் கூடும். பின் ஸ்ப்ரொக்கெட்டைப் பெரிதாக்கினாலும் இதே பலன்தான். ஆனால் அது அக்சலோடு தாழ்ந்து நிற்பது; 7 அங்குல ரிம் வண்டியை அடுக்குக்கல் ரோட்டில் விட்டால் முதலில் கல்லில் அடிபடுவது அதுதான். முன்னுக்கு ஒரு பல் குறைப்பதே புத்தி. மாற்றிய பின் செயினைச் சரிபாருங்கள், நடுவில் மேலும் கீழுமாக 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆட்டம் இருக்கட்டும். இறுக்கிவிட்டால் பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது அக்சல் பெயாரிங்கைத் தின்னும்.

காபரேட்டருக்கும் உயரம் தெரிய வேண்டும். கொழும்பில் வாங்கிய வண்டியை அப்படியே மேலே கொண்டுவந்தால் காற்று குறைய, பெற்றோல் அதே அளவு போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரிப்பொடி படிந்திருக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் குக்கிக் குக்கி ஏறும், சைலன்சரில் பெற்றோல் வாடை அடிக்கும். பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஓரிரு எண் சிறியதாக மாற்றி, எயார் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்து பார்த்தால் சரிவரும். பிளக் முனை மண்ணிறத்துக்கு வந்தால் அளவு சரி. பிறகு அதே வண்டியைக் கீழே கொண்டுபோனால் ஜெட்டைத் திரும்பப் பழையபடி போட மறக்காதீர்கள். காற்று கூடிப் பெற்றோல் குறைந்தால் இஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபியூவல் இன்ஜெக்ஷன் உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் சென்சர் பழுதானால் ஊரில் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஊரில் யார் பார்ப்பார்கள் என்பதும் பெரிய விஷயம். சீன 110 வண்டிகளின் இஞ்சின் ஹொண்டா கப் வழி வந்தது, படுக்கை சிலிண்டர். பழைய ஹொண்டா ஃபிஃப்டி, நைன்டி கழற்றிப் பூட்டிய பாஸ் எவருக்கும் அது புரியும். அந்த இஞ்சினுக்கு எண்ணெய் 0.8 லீற்றரளவுதான் பிடிக்கும், காகித ஃபில்டர் கிடையாது, வலை மட்டும். புதிய வண்டியில் முதல் 5 மணி ஓட்டத்திலேயே எண்ணெயை மாற்றுங்கள், பிறகு 25 மணிக்கு ஒரு தரம். இஞ்சினுக்குச் சாமான் கிடைக்கும். கிடைக்காதவை போல் ஜொயின்ட், ஆம் புஷ், டயர். 16×8-7 அளவு டயர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு வண்டிக்குக் காசைக் கொடுங்கள்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே பழைய வண்டி பார்க்கும்போது அது எந்த வருசம் வந்தது என்று கேளுங்கள். 2020க்கு முந்தியதென்றால் ரப்பர் எல்லாம் வயசானது: டயரின் பக்கவாட்டு வெடிப்பு, பிரேக் ஹோஸ், காபரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர்க் குழாய். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிவது, ஹேண்டிலின் திருப்பத்தைச் சில்லுக்குக் கொண்டுபோகும் டை ரொட்டின் ஆட்டம். பின் அக்சல் நட்டில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா, அல்லது ஆணியை வளைத்துச் செருகி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மேல் ஷொக் பூட்டும் இடத்திலும் முன் ஆம் பூட்டும் இடத்திலும் வெல்டிங் ஓரமாக முடி போன்ற வெடிப்பு வரும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் காரணம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடக்கடைசிக்கும் வலக்கடைசிக்கும் திருப்பி, இரண்டு இடத்திலும் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து விடுங்கள். டக்கென்று தானாகத் திரும்பி வர வேண்டும். கேபிள் மடிந்து சிக்கி, வளைவில் வேகம் நிற்காமல் போனால் பிள்ளைக்கு யோசிக்க நேரம் இருக்காது.

பிரேக்கைத் தள்ளிப் பார்த்துச் சோதிப்பது போதாது. சரிவில் நிறுத்தி, பார்க்கிங் பூட்டைப் போட்டு, கையை விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். முன் டிரம் பிரேக் உள்ளவற்றில் மழைத் தண்ணீர் புகுந்தால் ஒரு கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது. மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, நோர்வுட் பக்கமும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளை, பசறைப் பக்கமும் இது அன்றாடப் பிரச்சினை. ஓடையைக் கடந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இருபது முப்பது மீற்றர் ஓட்டிக் காயவைக்கும் பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும்.

டயர்க் காற்று இன்னொரு பொறி. சின்ன ஏடிவி டயருக்கு வேண்டியது பெரும்பாலும் 3 முதல் 5 பிஎஸ்ஐ. சரியான அளவு வண்டியின் லேபிளில் இருக்கும். பெற்றோல் ஷெட்டில் காற்றடிக்கிற பையன் மோட்டார் பைக்குக்குப் போல 25 அடித்துவிடுவார். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அடிக்கிறவர்களும் உண்டு. அது டயரை ரிம்மில் உட்கார வைப்பதற்கான உச்ச அளவு, ஓட்டுவதற்கானது இல்லை. காற்று கூடினால் வண்டி பந்து போலத் துள்ளும், கல்லில் ஏறியதும் ஹேண்டிலைத் தட்டிப் பறிக்கும். இரண்டு பக்க டயரிலும் காற்று வித்தியாசப்பட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சாதாரண மீற்றர் 10க்குக் கீழே சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்த மீற்றர் ஒன்று வாங்கி, சைக்கிள் பம்பால் அடியுங்கள்.

கால் வைக்கும் இடத்தில் தட்டோ வலையோ இருக்க வேண்டும். வெறும் கால்மிதி மட்டும் உள்ள வண்டியில் பாதம் நழுவினால் பின் டயர் அதை இழுத்துக்கொள்ளும். கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் வேண்டும், கம்பூட்ஸும் கன்வஸ் சப்பாத்தும் கணுக்காலைக் காக்காது. ஹெல்மெட் எஸ்எல்எஸ் முத்திரையோடு, பிள்ளையின் தலைக்குச் சரியாக இருக்க வேண்டும். பட்டியைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினால் கழன்று வரக்கூடாது. அப்பாவின் ஹெல்மெட் பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லை. கவ்வாத்து வெட்டிய மலை ஓரமாக ஓட்டினால் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வெட்டிய தேயிலைக் குச்சி கத்தி மாதிரி நிற்கும்.

ஓட்டும் இடம் பற்றிச் சுருக்கமாக. 18 வயதாகாமல் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது, எனவே ஏ5, ஏ7 போன்ற வீதிகளுக்கும் பஸ் ஓடுகிற எந்த ரோட்டுக்கும் பிள்ளை வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. தோட்டத்து ரோட்டுக்குத் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் கொழுந்து லொறி வரும் நேரத்திலும், பாடசாலை விடும் நேரத்திலும் அந்த ரோட்டில் ஓட்டக் கூடாது. மூட்டையைச் சுமந்து நடக்கிற பெண்களால் சத்தம் கேட்டதும் சட்டென்று ஒதுங்க முடியாது. பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, தம்பியையும்தான். சீட்டு நீளமாக இருப்பது பிள்ளை முன்னும் பின்னும் நகர்ந்து உட்காருவதற்காக. இன்னொரு ஆள் உட்கார்ந்தால் ஓட்டுகிறவரால் நகர முடியாது, மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது.

முதல் நாலைந்து நாட்கள் தோட்டத்துக் கிரவுண்டில்தான். இஞ்சினை நிறுத்தும் கயிற்றைப் பிள்ளையின் கைமணிக்கட்டில் மாட்டி, அதை இழுத்தால் இஞ்சின் நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் புறப்படும் முன் பாருங்கள். நேராக ஓட்டி நிறுத்துவது, எட்டுப் போட்டுத் திருப்புவது, எழுந்து நின்றபடி ஓட்டுவது. பிறகு சின்ன ஏற்றம்: உடம்பு முன்னுக்கு. சின்ன இறக்கம்: உடம்பு பின்னுக்கு, முதலாம் கியர். ஏற்றத்தில் நின்றுபோனால் என்ன செய்வதென்று வண்டியை நிறுத்தி வைத்தே பத்துத் தடவை பழக்குங்கள்: உடம்பை முன்னுக்குச் சாய்த்தபடி முன் பிரேக், பிறகு பார்க்கிங் பூட்டு, மேட்டுப் பக்கமாக இறங்கு, கூப்பிடு. உருட்டிக்கொண்டு பின்னால் வரப் பார்க்கக் கூடாது, காலை ஊன்றி நிறுத்தவும் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளையைத் திரும்பக் கால்மிதியில் நிற்க வைத்து அளந்து பாருங்கள். சீட்டுக்கு மேல் உள்ள இடைவெளி 15 சென்ரிமீற்றரைத் தாண்டி, ஹேண்டிலைத் திருப்பும்போது முழங்கால் தட்டத் தொடங்கினால் அடுத்த அளவுக்கு நேரம் வந்துவிட்டது. எண்ணெயை மாற்றி, வண்டியைக் கழுவி, சின்னப் பிள்ளை இருக்கிற இன்னொரு வீட்டுக்கு விற்றுவிடலாம். ஒழுங்காகப் பார்த்த 110 வண்டிக்கு வாங்க ஆள் இருக்கும்.